குழு ‘வேண்டாம்’ என்கிறது, அரசு வழக்கறிஞர் ‘போடலாம்’ என்கிறார்: எது நிற்க வேண்டும்?

கோப்புநூல் (திரியைத் தொடங்கியவர்)

அரசுத் துறைகள், வாரியங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றில் சட்ட ஆலோசனைக் குழு, வழக்கு ஆய்வுக் குழு என்று ஏதாவது ஒரு பெயரில் நாலைந்து பேர் உட்காருகிறார்கள். சட்டப் பிரிவு அதிகாரி, நிதிப் பிரிவிலிருந்து ஒருவர், விவகாரம் தெரிந்த துறை அதிகாரி. சில இடங்களில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். பாதகமான தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு போவதா, பேசி முடிப்பதா, பணத்தைக் கட்டி வழக்கை மூடுவதா என்று எழுதித் தருவது இவர்கள் வேலை. அந்தக் கருத்தோடு கோப்பு அரசு வழக்கறிஞரிடம் போகிறது. பெரிய விஷயமாக இருந்தால் அரசுத் தலைமை வழக்கறிஞர் வரை போகும். குழு ஒன்று சொல்லி வழக்கறிஞர் வேறொன்று சொன்னால் எது நிற்க வேண்டும்?

குழு சொன்னதே நிற்க வேண்டும் என்பது என் கட்சி. மாறுபட விரும்பும் வழக்கறிஞர் காரணத்தை எழுதி, செயலாளர் கையெழுத்து வாங்கிவிட்டு மாறட்டும்.

ஆட்சி மாறினால் சட்ட அலுவலர்கள் பெரும்பாலும் கூண்டோடு மாறுகிறார்கள். துறை எந்தக் கேள்வியில் எந்த நிலை எடுத்தது என்ற ஞாபகம் குழுவிடம்தான் இருக்கிறது. ஒரே அரசாணையை எதிர்த்து நாற்பது ரிட் மனுக்கள் வந்திருக்கும். முப்பத்தெட்டில் மேல்முறையீடு போட்டுவிட்டு இரண்டில் பேசாமல் உத்தரவை நிறைவேற்றியிருப்பார்கள். அந்த இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு மீதிப் பேர் ‘அவர்களுக்குக் கொடுத்தீர்கள், எங்களுக்கு ஏன் இல்லை’ என்று வருவார்கள். வழக்கறிஞர் பார்ப்பது அன்றைய கட்டு ஒன்றை. நாற்பதையும் சேர்த்துப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா?

பணக் கணக்கும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவில் அந்தச் சட்டத்தின் கீழுள்ள தீர்வு ஆணையம் கூட்டிக் கொடுக்கும் தொகைக்கு, நிலத்தைச் சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து முதல் ஆண்டு 9 சதவீதம், பிறகு 15 சதவீதம் வட்டி. கூட்டிய தொகை 40 லட்சம் என்றால் 15 சதவீதத்தில் ஆண்டுக்கு 6 லட்சம், மாதம் 50,000 ரூபாய். முதல் ஆண்டு கழிந்த பிறகு ஐந்து ஆண்டு இழுத்துத் தோற்றால் அந்த ஐந்து ஆண்டு வட்டி மட்டும் 30 லட்சம். ‘நல்ல பாயின்ட் இருக்கிறது, போட்டுப் பார்க்கலாம்’ என்று எழுதும் வழக்கறிஞர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. குழுவில் இருக்கும் நிதி அதிகாரி போடுவார்.

---

வாதிபிரதிவாதி

கோப்புநூல் சார், அடித்தளத்திலேயே ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். மாநில அரசுக்குச் சட்ட விஷயங்களில் ஆலோசனை சொல்வது அரசுத் தலைமை வழக்கறிஞரின் கடமை என்று அரசமைப்பின் 165(2) சொல்கிறது. ஒன்றியத்தில் அட்டர்னி ஜெனரலுக்கு 76(2). குழு என்று ஒன்று அந்தப் பக்கங்களிலேயே கிடையாது. ஒரு நிர்வாக உத்தரவால் பிறந்த குழு, அரசமைப்புப் பதவியின் கருத்தை எப்படிக் கட்டிப் போடும்?

இரண்டாவது, நீதிமன்றத்தில் நிற்பவர் யார்? ‘இதே கேள்வியில் போன மாதம் உங்கள் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது தெரியுமா’ என்று பெஞ்ச் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது வழக்கறிஞர். அவர் துறைக்கு மட்டும் ஆளில்லை, நீதிமன்றத்தின் அலுவலரும்கூட. நிற்காது என்று தெரிந்த வாதத்தைக் குழு சொன்னது என்பதற்காக எழுப்ப முடியாது. எதிர்த்தரப்புக்குச் சாதகமான தீர்ப்பு இருப்பது தெரிந்தும் மறைக்க முடியாது.

குழுவின் சொல்லைக் கட்டாயமாக்கிப் பார்த்த அனுபவம் நாட்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஓஎன்ஜிசி வழக்கில் 1991 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் ஏற்பாடு செய்தது: அரசுத் துறையும் பொதுத்துறை நிறுவனமும் ஒன்றோடொன்று வழக்காடுவதற்கு முன் உயர்மட்டக் குழுவின் அனுமதி வேண்டும். நோக்கம் நல்லது. நடந்தது என்ன? அனுமதிக்காகக் கோப்புகள் காத்துக் கிடந்தன. ஒரே சட்டக் கேள்வியில் ஒரு நிறுவனத்துக்கு அனுமதி, இன்னொன்றுக்கு மறுப்பு. 2011 பிப்ரவரியில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் அரசமைப்பு அமர்வு அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. இருபது ஆண்டுச் சோதனை. இன்னொரு முறை வேண்டுமா?

---

கோப்புநூல்

அது வேறு சங்கதி. அங்கே நீதிமன்றக் கதவைத் தட்டவே குழுவின் அனுமதி வேண்டியிருந்தது. நான் பேசுவது துறைக்கும் அதன் வழக்கறிஞருக்கும் நடுவே உள்ள ஒழுங்கு. ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்தது அந்தக் குழுவின் குறை என்றால், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அரசு வழக்கறிஞர் ஒரு கருத்து சொல்லும்போது எத்தனை பதில் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

165ஐக் காட்டுகிறீர்கள். அது அரசுத் தலைமை வழக்கறிஞர் ஒருவருக்கு. கூடுதல் தலைமை வழக்கறிஞர், சிறப்பு அரசு வழக்கறிஞர், அரசு வழக்கறிஞர், மாவட்ட அரசு வழக்கறிஞர் எல்லாரும் விதிகளின் கீழ் நியமனம் பெறுபவர்கள். அரசமைப்பு நிழலில் எல்லாரும் ஒதுங்க முடியாது. அந்த நியமனங்களின் தரத்தைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2016 மார்ச்சில் பஞ்சாப் வழக்கில் (பிரிஜேஷ்வர் சிங் சஹல்) என்ன சொன்னது? பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் சட்ட அலுவலர்களைத் தேர்வுக்குழு வைத்துத் தகுதி பார்த்து எடுங்கள், வேலைப் பளுவை மதிப்பிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள் என்றது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலை இருந்தது என்பதுதானே பொருள்.

---

எதிர்த்தரப்பு

இரண்டு பேரும் கருத்து எங்கே ‘நிற்க வேண்டும்’ என்று சண்டை போடுகிறீர்கள். நடைமுறையில் அது எங்கேயும் நிற்பதில்லை. யார் தலையில் பழி விழக்கூடாது என்று பார்த்துக் கோப்பில் உட்கார்ந்திருக்கும்.

குறிப்புத் தாளை எடுத்துப் பாருங்கள். ‘தீர்ப்பு கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்கு உகந்த வழக்கு எனக் குழு கருதுகிறது. ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.’ கீழே ஐந்து கையெழுத்து, அதில் இரண்டுக்குத் தேதி இல்லை. தீர்ப்பின் எந்தப் பத்தி தவறு, எந்தச் சாட்சியம் விடுபட்டது, எந்த முன்தீர்ப்பு நமக்கு உதவும் என்று ஒரு வரி இருக்காது. அடுத்த தாளில் அரசு வழக்கறிஞர்: ‘குழுவின் கருத்துடன் உடன்படுகிறேன்.’ அவர் குழு மேல் சாய்கிறார், குழு அவர் மேல் சாய்கிறது, செயலாளர் இரண்டு பேர் மேலும் சாய்கிறார். ‘மேல்முறையீடு வேண்டாம்’ என்று எழுதினால் நாளைக்குத் தணிக்கையோ விஜிலென்ஸோ கேட்கும். ‘வேண்டும்’ என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் எல்லாக் கோப்பிலும் ‘உகந்த வழக்கு’.

இதற்கு உச்ச நீதிமன்றம் பெயரே வைத்துவிட்டது, ‘சர்டிபிகேட் வழக்குகள்’. தள்ளுபடி ஆகும் என்று தெரிந்தே, ‘உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது, இனி நாங்கள் என்ன செய்ய’ என்று சொல்லிக்கொள்வதற்காகப் போடும் மனு. 2020 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதத்தோடு வந்தபோது 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது.

குழுவைக் கட்டாயமாக்கினாலும் வழக்கறிஞரைக் கட்டாயமாக்கினாலும் இந்த ஊக்கம் மாறாது.

---

ஏட்டுச்சுரை

எதிர்த்தரப்பு சொன்னதில் பாதிக்கு மருந்து இருக்கிறது. கருத்து கேட்கும் முறையில்.

குழுவுக்குப் போகும் கடிதத்தில் ‘மேல்முறையீட்டுக்கு உகந்ததா எனத் தெரிவிக்கவும்’ என்று மட்டும் கேட்டால் ‘உகந்தது’ என்றுதான் பதில் வரும். கேள்வியைப் பிரிக்க வேண்டும். தீர்ப்பின் எந்த முடிவு சட்டப்படி தவறு, எந்த முடிவு சாட்சியத்தின் மேல் நிற்கிறது? சாட்சியத்தின் மேல் நிற்பதை இரண்டாம் மேல்முறையீட்டில் அசைக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100ஆம் பிரிவு முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உள்ளே விடும். இதே கேள்வியில் துறை ஏற்கெனவே எங்கே தோற்றது, அங்கே என்ன செய்தது? இந்த வழக்கு ஒன்றோடு முடியுமா, பின்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? உத்தரவை நிறைவேற்றினால் எவ்வளவு, தோற்றால் எவ்வளவு? இந்த நான்குக்கும் பதில் இல்லாத கருத்தை வழக்கறிஞர் திருப்பி அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும்.

கூடவே போக வேண்டியவை: ரிட் மனு அல்லது வழக்குரை, நம் எதிருறுதி ஆவணம் (மனுவுக்குத் துறை பிரமாணமாகத் தரும் பதில்), தீர்ப்பின் முழு நகல், சவாலுக்குள்ளான உத்தரவு, அந்த உத்தரவு பிறந்த குறிப்புக் கோப்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் துறைகள் அனுப்புவதில்லை. பெரிய சறுக்கல் அங்கேதான் நடக்கிறது.

ஏனென்றால் குழு புத்திசாலித்தனமாக ஒரு புதுக் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். உத்தரவில் ‘விண்ணப்பம் காலதாமதம்’ என்று மட்டும் இருக்கும். குழு, ‘விண்ணப்பதாரருக்குத் தகுதியும் இல்லை, எதிருறுதி ஆவணத்தில் சேர்க்கவும்’ என்று எழுதும். அரசு வழக்கறிஞரும் அப்படியே சேர்த்துவிடுவார். உத்தரவில் சொன்ன காரணத்தை வைத்துத்தான் உத்தரவு நிற்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் ஊற்றி நிரப்ப முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977 டிசம்பரிலேயே சொல்லியாயிற்று. முதல் விசாரணையிலேயே விழும். தகுதி இல்லை என்பது உண்மையானால் சரியான வழி வேறு: பழைய உத்தரவைத் திரும்பப் பெற்று, நோட்டீஸ் கொடுத்து, விண்ணப்பதாரரைக் கேட்டு, புது உத்தரவு போடுவது. குழுவின் அந்தக் கருத்தை வழக்கறிஞர் வாதமாக எடுக்காமல் துறைக்குத் திருப்பிக் கொடுக்கும் யோசனையாக எடுக்க வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. சட்டம் ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் பெயரில் அதிகாரம் கொடுத்திருந்தால் அவரே தன் மனதைச் செலுத்தி முடிவெடுக்க வேண்டும். பம்பாய் போலீஸ் கமிஷனர் ஒருவர் சினிமாக் கட்டட அனுமதியை அரசு சொன்னதால் ரத்து செய்தபோது அது செல்லாது என்று கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கில் (1951) முடிவானது. ஆக, உரிமம் ரத்து போன்ற விஷயத்தில் ‘சட்ட ஆலோசனைக் குழுவின் அறிவுரைப்படி இதனால் உத்தரவிடப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதினாலே எதிர்த்தரப்பு கையில் ஆயுதம் கொடுத்த மாதிரி. கோப்புநூல் கேட்கிற ‘கட்டுப்படுத்தும் கருத்து’ இங்கே உத்தரவையே கொன்றுவிடும்.

---

கோப்புநூல்

கடைசிப் பத்தி என்மேல் ஏவப்பட்ட அம்பு, ஆனால் இலக்கு தவறியது. அது உத்தரவு பிறப்பிக்கும் கட்டம். நான் சொல்வது தீர்ப்புக்குப் பிந்தைய கட்டம். மேல்முறையீடு போவதா என்பது எந்தச் சட்டமும் தனி அதிகாரி ஒருவருக்குக் கொடுத்த அரை நீதித்துறை அதிகாரம் அல்ல. அரசு என்ற கட்சிக்காரரின் முடிவு. கட்சிக்காரர் தன் முடிவை ஐந்து பேர் கொண்ட குழு மூலம் எடுத்தால் வழக்கறிஞருக்கு என்ன குறை?

---

வாதிபிரதிவாதி

குறை நேரம்தான், சார். நாள் கணக்கு போடலாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியின் ரிட் உத்தரவை எதிர்த்து லெட்டர்ஸ் பேட்டன்ட் (உயர் நீதிமன்றத்தை அமைத்த சாசனம்) 15ஆம் கூறின்படி மேல்முறையீட்டுக்கு 30 நாள். உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு என்றால் 90 நாள். சான்றிட்ட நகலுக்கு ஆகும் நாளைக் காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கிறது. ஆனால் நகலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்துதான். தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட வேண்டியது. துறையிலிருந்து ‘நகல் பெற்று அனுப்பவும்’ என்று கடிதம் வரட்டும் என்று பத்து நாள் விட்டால் அந்தப் பத்தும் நம் கணக்கில்தான் ஏறும். பிறகு அரசு வழக்கறிஞர் கருத்து, துறைத் தலைவரின் குறிப்புரை, குழுக் கூட்டம், சட்டத் துறை ஒப்புதல், அனுமதிக் கடிதம், மேல்முறையீட்டுக் காரணங்கள் வரைவு, துறையில் சரிபார்ப்பு, பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து, தாக்கல். பதிவகம் குறை சொல்லித் திருப்பினால் இன்னொரு வாரம். இதில் குழு மாதம் ஒரு முறை கூடுகிறது என்று வையுங்கள். கூட்டம் முடிந்த மறுநாள் தீர்ப்பு வந்தால் 30 நாளும் அங்கேயே போச்சு.

காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தாமத மன்னிப்பு கேட்கலாம் என்பீர்கள். 1987இல் காடிஜி வழக்குக் காலத்தில் அரசுக்குக் கிடைத்த தாராளம் இப்போது இல்லை. 2012 பிப்ரவரியில் தபால் துறை எதிர் லிவிங் மீடியா வழக்கில் 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்து, கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்பதெல்லாம் காரணம் ஆகாது என்றார்கள். ‘குழுவின் கருத்துக்காகக் காத்திருந்தோம்’ என்று இன்றைக்கு எழுதும் பிரமாணப் பத்திரம் அதே காரணத்தின் மறுபதிப்பு.

நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பை எதிர்ப்பது என்றால் இன்னும் மோசம். 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு, சமரசச் சட்டத்தின் 34(3): தீர்ப்பு கைக்கு வந்து மூன்று மாதம், போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அதற்கு மேல் கிடையாது. 5ஆம் பிரிவு அங்கே நுழையாது என்று பாப்புலர் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் 2001இலேயே முடிந்துவிட்டது. அந்த நாள் தாண்டிய மறுநாள் குழு எவ்வளவு அருமையாக எழுதிக் கொடுத்தாலும் பழைய பேப்பர் விலைதான். பெரிய நிறுவனத்தில் விவகாரத்தை நேரடியாகக் கையாளும் உயர் அதிகாரி கையில் கிடைத்த நாளிலிருந்துதான் கெடு என்று ரயில்வேக்கு 2005இல் டெக்கோ திருச்சி வழக்கில் ஒரு கதவு திறந்தது உண்மை. அதை நம்பி உட்காருவது வேண்டாம். தபால் பதிவேட்டின் முதல் முத்திரைத் தேதியிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு.

எனவே வழக்கறிஞர் தன் கருத்தை நேராகச் செயலாளருக்குக் கொடுக்க வேண்டும். குழு இணையாகப் பார்க்கட்டும், வழிமறிக்கக் கூடாது.

---

தேன்மொழி

சிவில் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். குற்றவியல் பக்கம் வந்தால் கோப்புநூல் ஐயாவின் வாதம் நிற்கவே நிற்காது.

வழக்கைத் திரும்பப் பெறுவது: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவு. அந்த அதிகாரம் அரசு குற்றவியல் வழக்கறிஞருக்கு, நீதிமன்றத்தின் இசைவோடு. அரசோ அதன் ஆய்வுக் குழுவோ யோசனை சொல்லலாம். அவர் தானே கோப்பைப் படித்து, பொதுநலன் இருக்கிறதா என்று தன் மனதால் முடிவு செய்ய வேண்டும். ராஜேந்தர் குமார் ஜெயின் (1980), ஷியோநந்தன் பாஸ்வான் (1987) காலத்திலிருந்து இதுதான் சட்டம். மனுவில் ‘அரசு முடிவு செய்துள்ளதால்’ என்று மட்டும் எழுதினால் அதுவே மனுவுக்கு எமன். கேரளச் சட்டமன்றத்தில் 2015இல் நடந்த ரகளை வழக்கைத் திரும்பப் பெறக் கேட்ட மனு தலைமைக் குற்றவியல் நடுவர் மன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. அடுத்த மாதமே இன்னொரு உத்தரவு: இந்நாள், முன்னாள் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக் கூடாது.

மறுபக்கமும் ஓர் எல்லை. குற்றப்பத்திரிகைக்கு முன்னால் அரசு குற்றவியல் வழக்கறிஞரின் கருத்தைப் பெற்று அதன்படி போடு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை 2000இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புலனாய்வின் முடிவு புலனாய்வு அதிகாரியுடையது, அதில் வழக்கறிஞரை இழுத்து உட்கார வைக்க முடியாது என்றது. சில துறைகளில் சட்டக் குழு ‘இன்ன பிரிவைச் சேர்க்கவும், இன்னாரை நீக்கவும்’ என்று எழுதிக் காவல் நிலையத்துக்கு அனுப்புகிறதே, அதைக் குறுக்கு விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு போகும் இடத்தில் மட்டும் குழு பிரயோஜனம். ஆனால் அங்கேயும் எழுத வேண்டியது ‘தீர்ப்பு தவறு’ என்று இல்லை. விடுதலை என்பது சாத்தியமான ஒரு பார்வையாக இருந்தால் மேல் நீதிமன்றம் தலையிடாது. ‘எந்த நியாயமான நீதிபதியும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது’ என்று காட்ட எந்தச் சாட்சி, எந்த ஆவணம் என்று குறித்துக் கொடுக்க வேண்டும்.

---

கோப்புநூல்

தேன்மொழி அவர்களே, குற்றவியல் பக்கத்தை நான் கேட்கவில்லை. அங்கே சட்டமே வழக்கறிஞரைத் தனியாக நிறுத்துகிறது, சரி. சிவில் பக்கத்தில் அப்படி ஒரு பிரிவைக் காட்டுங்கள்.

வாதிபிரதிவாதி சொன்ன நாள் கணக்குக்கு: மாதம் ஒரு முறை கூடும் குழு தேவையில்லை. 30 நாள் கெடு உள்ள வழக்குகளுக்குச் சுற்றறிக்கை முறையில் 72 மணி நேரத்தில் கருத்து, மூன்று பேர் சொன்னால் போதும் என்று வைக்கலாம். சின்ன வழக்குகளைக் குழுவுக்கே அனுப்பாமல் வரம்பு கட்டலாம். வருமான வரியில் 2024 செப்டம்பரிலிருந்து தீர்ப்பாயத்துக்கு 60 லட்சம், உயர் நீதிமன்றத்துக்கு 2 கோடி, உச்ச நீதிமன்றத்துக்கு 5 கோடி என்று வரித்தொகை வரம்பு. அதற்குக் கீழே, சில விதிவிலக்குகள் போக, மேல்முறையீடே கிடையாது. யார் கருத்தும் தேவைப்படவில்லை.

---

எதிர்த்தரப்பு

வரம்பு வரி வழக்குக்குப் பொருந்தும். பணிமூப்பு வழக்கில் என்ன ரூபாய் வரம்பு கட்டுவீர்கள்? ஒருவரின் பதவி உயர்வுக்கு விலை இல்லை, ஆனால் அவருக்குக் கொடுத்தால் பட்டியல் முழுக்க நகரும்.

குழுவின் கருத்து உண்மையிலேயே வழக்கறிஞருக்குக் கை கொடுக்கும் இடம் ஒன்றை யாரும் தொடவில்லை: ஒப்புக்கொடுத்தல். ‘இந்தக் கோரிக்கையை ஏற்கிறோம்’ என்று நீதிமன்றத்தில் சொல்ல அரசு வழக்கறிஞர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். பெரியார் அண்ட் பரீக்கண்ணி ரப்பர்ஸ் எதிர் கேரள அரசு வழக்கில் (1990) உச்ச நீதிமன்றம் சொன்னது, பொறுப்புள்ள அதிகாரியின் அறிவுறுத்தலோடு எழுத்தில் இல்லாத வரை அரசு வழக்கறிஞரின் ஒப்புதல் அரசைக் கட்டாது என்று. அதனால் வாய்மொழியாகக் கொடுத்த சலுகை நாளைக்கே ‘வழக்கறிஞர் தன்னிச்சையாகச் சொன்னார்’ என்று சீராய்வு மனுவாகத் திரும்பி வரும். மனுதாரருக்காக நிற்கும் எங்கள் பக்கத்துக்கும் அது நஷ்டம்.

இங்கே குழுவின் தீர்மானம் வேண்டும். ஆனால் எந்த வடிவில்? ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதினால் எதற்கும் ஆகாது. எந்தக் கோரிக்கை, எந்தத் தேதியிலிருந்து, பணப்பயன் உண்டா இல்லை கருத்தளவில் மட்டுமா, எத்தனை வாரத்தில் உத்தரவு, முன்னுதாரணம் ஆகாது என்ற நிபந்தனை உண்டா? இவ்வளவும் இருந்து, கீழே அதிகாரம் பெற்றவர் கையெழுத்தும் தேதியும் இருந்தால், வழக்கறிஞர் அதை மெமோவாகத் தாக்கல் செய்யலாம். பத்து நிமிடத்தில் ரிட் மனு முடியும்.

அதைவிட முன்னாலேயே முடிக்கலாம். அரசின் மேல் வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவில் இரண்டு மாத நோட்டீஸ். அந்த இரண்டு மாதம் எதற்கு? துறை யோசித்துச் சரிசெய்ய. சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், பெரும்பாலான நோட்டீஸுக்குப் பதிலே போவதில்லை, போனாலும் மழுப்பல் என்று குறைபட்டு, பொறுப்பு அதிகாரியை நியமிக்கச் சொன்னது. சட்ட ஆலோசனைக் குழு கூட வேண்டிய சரியான நாள் நோட்டீஸ் வந்த வாரம். தோற்ற பிறகு கூடி என்ன பயன்?

---

வாதிபிரதிவாதி

ஒப்புக்கொடுத்தலில் எதிர்த்தரப்போடு முழு உடன்பாடு. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலு. அங்கே வழக்கறிஞருக்கு வேண்டியது கட்சிக்காரரின் அறிவுறுத்தல். சட்டக் கருத்து வேறு, அறிவுறுத்தல் வேறு. இரண்டையும் ஒரே தாளில் கலப்பதால்தான் இந்தத் திரியே. குழு, ‘40 லட்சம் கட்டத் துறை தயார்’ என்று சொன்னால் அது அறிவுறுத்தல். வழக்கறிஞர் மீற முடியாது. ‘72ஆம் பிரிவு இந்த வழக்குக்குப் பொருந்தாது’ என்று சொன்னால் அது சட்டக் கருத்து. அதில் அவர் தன் தீர்மானத்தைத்தான் சொல்ல வேண்டும்.

---

கோப்புநூல்

பிரித்தது நன்று. அப்படியானால் ‘மேல்முறையீடு வேண்டாம்’ என்பது எது? அறிவுறுத்தல் தானே?

---

வாதிபிரதிவாதி

செயலாளர் கையெழுத்துப் போட்டால் அறிவுறுத்தல். குழு மட்டும் போட்டால் பரிந்துரை.

---

ஏட்டுச்சுரை

இடையில் ஒன்று, ரகசியம் பற்றி. கருத்து வேறுபாட்டைக் காரணத்தோடு எழுதச் சொன்னால் அதிகாரிகள் சொல்வது, ‘நாளைக்கு ஆர்டிஐயில் வெளியே போய் எதிர்த்தரப்பு வாசிக்கும்.’ அவ்வளவு எளிதில் போகாது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே உள்ள பேச்சுக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் 132 முதல் 134 வரை (பழைய சாட்சியச் சட்டத்தின் 126 முதல் 129) பாதுகாப்பு. தகவல் உரிமைச் சட்டத்தில் 8(1)(இ) நம்பிக்கை உறவில் வந்த தகவலை விலக்குகிறது. ஆனால் 8(2) பொதுநலன் மேலோங்கினால் திறந்துவிடும். குழுவில் வக்கீல் அல்லாத நிதி அதிகாரி, பொறியாளர் எழுதிய குறிப்புக்கு அந்த வக்கீல் பாதுகாப்பு கிடைக்குமா என்பது வாதத்துக்கு உரியது. ஆகவே சட்டக் கருத்தைத் தனித் தாளில், வழக்கறிஞருக்கு எழுதியதாக வையுங்கள்; நிர்வாகக் குறிப்பும் பணக் கணக்கும் வேறு தாளில்.

எதிருறுதி ஆவணத்தில் ‘சட்டக் கருத்து பெற்றே முடிவெடுக்கப்பட்டது’ என்று பெருமையாக எழுதும் வழக்கத்தையும் விட வேண்டும். எழுதினால் எதிர்த்தரப்பு ‘அப்படியானால் அந்தக் கருத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்கும். ரகசியம் என்று மறுப்பது அப்புறம் கஷ்டம்.

---

எதிர்த்தரப்பு

நாங்கள் கேட்கத்தான் செய்வோம், ஐயா.

அவமதிப்பு வழக்கிலும் அதே வரி வரும்: ‘குழு மேல்முறையீட்டுக்குப் பரிந்துரைத்ததால் உத்தரவு நிறைவேற்றப்படவில்லை.’ மேல்முறையீடு போட்டதாலேயே தடை கிடைத்ததாகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41 விதி 5 தெளிவாகச் சொல்கிறது. பரிந்துரை என்றால் இன்னும் போடாத மேல்முறையீடு. அதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். நல்லெண்ணத்தில் நடந்தார் என்று தண்டனையைக் குறைக்க உதவலாம், உத்தரவை மீறியதற்குப் பதில் ஆகாது. குழுவின் கருத்தில் மேல்முறையீட்டுப் பரிந்துரைக்கு அடுத்த வரியிலேயே ‘தடை கோரும் இடைமனு உடன் தாக்கல் செய்க, தடை கிடைக்கும் வரை உத்தரவை இன்ன தேதிக்குள் நிறைவேற்றுக அல்லது கால நீட்டிப்பு கேட்க’ என்று இருக்க வேண்டும். அந்த வரியை அரசு வழக்கறிஞர் கேட்டு வாங்க வேண்டும்.

---

கோப்புநூல்

அந்த வரியைக் கேட்டு வாங்குகிற அரசு வழக்கறிஞர் இருந்தால் நான் இந்தத் திரியையே தொடங்கியிருக்க மாட்டேன். வாதிபிரதிவாதி சாருக்கு ஒரு கேள்வி மிச்சம்: செயலாளர் கையெழுத்தோடு ‘வேண்டாம்’ என்று போன கோப்பில், மூன்று மாதம் கழித்து வேறொரு வழக்கறிஞர் வந்து ‘போடலாம்’ என்று புதுக் கருத்து கொடுத்தால், இரண்டாவது கருத்தை யார் கேட்டது என்று கோப்பில் பதிய வேண்டுமா, வேண்டாமா?

---

வாதிபிரதிவாதி

வேண்டும். கேட்டவர் பெயர், தேதி, முதல் கருத்துக்குப் பிறகு புதிதாக வந்த தீர்ப்போ ஆவணமோ எது என்பதும். அது எதுவும் இல்லாமல் வந்த இரண்டாவது கருத்தை நானாக இருந்தால் படிக்காமலே திருப்புவேன். ஆனால் அந்த விதியைக் குழுவுக்கும் போடுங்கள். வழக்கறிஞர் ‘வேண்டாம்’ என்ற பிறகு குழுவை இரண்டாம் முறை கூட்டச் சொன்னது யார் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.